குரல் கம்மல் விடவே இல்லையா? தொண்டைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது மூக்கு தொண்டை மருத்துவரின் அறைக்குள் வருபவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது: "சும்மா தொண்டைக் கட்டுதான் டாக்டர், வேற ஒண்ணும் இல்ல." பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் "எத்தனை நாளா?" என்று கேட்டால் சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு நாலஞ்சு மாசம் இருக்கும்" என்பார்கள். அந்த நாலைந்து மாதம்தான் எனக்குக் கவலை. நோயாளிகளும் கூட வருபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

குரல் கம்மினாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டுமா?

வேண்டாம். குரல் கம்மலுக்குச் சாதாரணக் காரணங்கள்தான் அதிகம். ஜலதோஷத்தோடு வரும் குரல்வளை அழற்சி, கத்திப் பேசியதால் வரும் வீக்கம், குரல்நாணில் சிறு முடிச்சு, நீர்க்கட்டி, பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி, வயிற்று அமிலம் மேலேறுவது, தைராய்டு சுரப்பு குறைவது, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர், வயதானதால் நாண்கள் மெலிந்துபோவது என்று பட்டியல் நீளும். காசநோய்கூடக் குரல்வளையைப் பிடிக்கும். புற்றுநோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், கரகரப்பை வெளியிலிருந்து கேட்டு எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருபது வருட அனுபவமுள்ள காதும் ஏமாறும்.

எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

மூன்று வாரம்.

வைரஸால் வரும் குரல் கம்மல் ஒரு வாரத்தில் தணியத் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். இன்னும் ஒரு வாரம் சலுகை கொடுத்தாலும் கணக்கு மூன்றில் வந்து நிற்கிறது. அதற்குப் பிறகும் குரல் திரும்பவில்லை என்றால், காரணம் தெரியாத கம்மல் என்று வைத்துக்கொண்டு குரல்வளையை நேரில் பார்த்துவிட வேண்டும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் மூன்று மாதம் வரை பொறுக்கலாம் என்றது. 2018-இல் அதையே நான்கு வாரமாகக் குறைத்தார்கள். தீவிரமான காரணம் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் நாள் கணக்கே பார்க்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். பிரிட்டனில் 45 வயதைத் தாண்டியவருக்குக் காரணம் தெரியாத குரல் கம்மல் நீடித்தால், புற்றுநோய்ச் சந்தேகத்துக்கான விரைவுப் பட்டியலில் சேர்த்து அனுப்பச் சொல்கிறார்கள்.

கணக்கில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. நடுவில் இரண்டு நாள் குரல் தெளிவாக இருந்தால், அன்றிலிருந்து புதிதாக எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்படி எண்ணக் கூடாது. குரல் முதலில் மாறிய நாள்தான் முதல் நாள்.

மூன்று வாரம்கூடக் காத்திருக்கக் கூடாதவர்கள் யார்?

மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரமே, அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மூச்சுப் பாதை குறுகிவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

விழுங்கும்போது வலி, உணவு தடுக்கி நிற்பது, எச்சிலிலோ சளியிலோ ரத்தம், கழுத்தில் புதிதாகத் தட்டுப்படும் கட்டி, ஒரு பக்கக் காதில் மட்டும் விடாத வலி, காரணமில்லாமல் உடல் இளைப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று கம்மலோடு சேர்ந்திருந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். நீண்ட நாள் புகைத்தவர்களுக்கும், கழுத்திலோ நெஞ்சிலோ அறுவை சிகிச்சை முடிந்த பிறகு குரல் மாறியவர்களுக்கும் இதே அவசரம்தான்.

புற்றுநோய் வந்தால் குரல் ஏன் முதலிலேயே காட்டிக்கொடுக்கிறது?

குரல்நாண்கள் இரண்டும் சேர்ந்து ஒரு விரல்நுனி அளவுகூட இருக்காது. ஆணுக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. பேசும்போது இரண்டும் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் பிரிகின்றன. சராசரி ஆண் குரலில் நொடிக்கு நூறு முறைக்கு மேல், பெண் குரலில் இருநூறு முறை அளவுக்கு இது நடக்கிறது. அந்த வேகத்தில் விளிம்பு துல்லியமாகப் பொருந்தினால்தான் குரல் தெளிவாக வரும். ஒரு மில்லிமீட்டர் தடிப்பு விளிம்பில் உட்கார்ந்தாலும் போதும், நாண்கள் முழுதாக மூடாமல் காற்று கசியும், அதிர்வு கெடும். கரகரப்பாக நமக்குக் கேட்பது அதுதான்.

யோசித்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் கட்டி கல்லீரலிலோ கணையத்திலோ வந்தால் யாருக்கும் தெரியாது. குரல்நாணில் வந்தால் தொலைபேசியில் பேசுபவரே "என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிடுவார்.

இன்னொரு அனுகூலமும் இருக்கிறது. குரல்நாணின் விளிம்பில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. அதனால் அங்கே தொடங்கும் புற்றுநோய் சில காலம் இருந்த இடத்திலேயே இருக்கும், கழுத்து நெறிக்கட்டிகளுக்குச் சீக்கிரம் பரவாது. அறிகுறி முன்னாலேயே வருகிறது, பரவுவது தாமதமாகிறது. புற்றுநோய்களில் இப்படி ஒரு வாய்ப்பு அபூர்வம். அதை நாலைந்து மாதம் தொண்டை மிட்டாய் சப்பிக் கழித்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

அப்படியென்றால் தொண்டைப் புற்றுநோய் எதுவாக இருந்தாலும் குரல் கம்முமா?

இல்லை, இங்கேதான் கவனம் வேண்டும். "தொண்டை" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல இடங்கள் அடங்கியிருக்கின்றன. குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பகுதி, நாண்கள், அவற்றுக்குக் கீழே மூச்சுக்குழலை ஒட்டிய பகுதி, இவை மூன்றும் குரல்வளை. அதற்குப் பின்னாலும் மேலேயும் உணவு போகும் பாதை, அடிநாக்கு, டான்சில்.

நாண்களில் தொடங்கினால் குரல் முதலில் மாறும். மேல்பகுதியில் தொடங்கினால் குரல் நன்றாகவே இருக்கும். விழுங்கும்போது குத்தல், காதுவலி, தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போன்ற உணர்வு, அல்லது கழுத்தில் கட்டி என்றுதான் ஆரம்பிக்கும். அங்கே நிணநீர்க் குழாய்கள் நிறைய இருப்பதால் சீக்கிரம் பரவும். அந்த வகையில் குரல் கம்மத் தொடங்குகிறது என்றால் நோய் ஏற்கெனவே கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். கீழ்ப்பகுதியில் வருவது அரிது. அது பெரும்பாலும் மூச்சுத் திணறலாகத்தான் வெளியே தெரியும்.

அமெரிக்க முன்னாள் அதிபர் யுலிசிஸ் கிராண்ட் 1884 கோடையில் ஒரு பீச் பழத்தைக் கடித்து விழுங்கியபோது தொண்டையில் சுரீரென்று வலித்தது. சுருட்டை வாயிலிருந்து எடுக்காதவர் அவர். சிறப்பு மருத்துவரைப் பார்க்க அக்டோபர் ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் இறந்துபோனார். அவருக்கு முதல் அறிகுறி வலிதான்.

காதுவலிக்குப் போனால் தொண்டைக்குள் ஏன் பார்க்கிறார்கள்?

குரல்வளைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. தொண்டையில் புண் இருந்தால் மூளை அதைக் காதில் வலிப்பதாக எடுத்துக்கொள்ளும். காதைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும், ஆனாலும் வலி போகாது. பெரியவர்களுக்கு இப்படி ஒரு பக்கம் மட்டும் வலித்தால் தொண்டையைப் பார்க்காமல் விடக் கூடாது.

எனக்குப் புகைப்பழக்கமே இல்லை. நான் கவலைப்படத் தேவையில்லை அல்லவா?

அபாயம் மிகவும் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. குரல்வளைப் புற்றுநோயின் முதல் காரணம் புகையிலை புகைப்பது, அடுத்தது மது. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் அபாயம் வெறும் கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி, கந்தக அமிலம் போன்ற வீரிய அமிலங்களின் ஆவி நிறைந்த வேலையிடங்கள் ஆகியவற்றையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை குரல்வளைப் புற்றுநோய்க்கு உறுதியான காரணங்களாகப் பட்டியலிட்டிருக்கிறது. டான்சில், அடிநாக்குப் புற்றுநோயில் எச்.பி.வி. (மனிதப் பாப்பிலோமா) வைரஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நோயாளிகளில் புகைக்காதவர்கள் பலர், வயதும் குறைவாகவே இருக்கும்.

உலக அளவில் 2022-இல் ஏறத்தாழ 1,89,000 பேருக்குக் குரல்வளைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஆண்களே மிக அதிகம். இதனால் ஒரு கெடுதலும் நடக்கிறது. புகைக்காத பெண் ஒருவர் கம்மலோடு வந்தால் "அசிடிட்டியா இருக்கும்" என்று அனுப்பிவிடுவது எளிதாகிவிடுகிறது. மூன்று வாரக் கணக்கு அவருக்கும் உண்டு.

என் வேலையே நாள் முழுதும் பேசுவதுதான். கம்மல் இருக்கத்தானே செய்யும்?

பேசிப் பேசி வரும் முடிச்சுகள் உங்களைப் போன்றவர்களுக்கு அதிகம். அவை புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. அந்தக் கம்மல் பொதுவாக ஏறி இறங்கும். விடுமுறையில் குறையும், வேலை நாளின் மாலையில் கூடும். புற்றுநோயின் கம்மல் ஓய்வைப் பற்றிக் கவலைப்படாது, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும்.

ஆனால் இந்த வித்தியாசத்தை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். பேசும் தொழிலில் இருப்பவர்கள்தான் கம்மலை வேலையின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்டு ஒரு வருடம்கூடத் தள்ளுவார்கள். ஒரு முறை பார்த்து, முடிச்சுதான் என்று உறுதியாகிவிட்டால் குரல் பயிற்சியிலேயே பெரும்பாலும் தேறிவிடும். கிசுகிசுவென்று பேசினால் குரலுக்கு ஓய்வு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் தொண்டையை இறுக்கத்தான் செய்யும். மெதுவாக, இயல்பான குரலில் பேசுங்கள், அல்லது பேசாமல் இருங்கள்.

அமிலம் மேலேறுகிறது என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதை முடித்துவிட்டுப் பார்க்கலாமா?

உள்ளே யாராவது பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் இருந்தால் அந்த மாத்திரைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கம்மல் மட்டும்தான், வேறு தொந்தரவு இல்லை என்னும்போது குரல்வளையைப் பார்க்காமல் அமில மாத்திரை எழுதக் கூடாது என்றே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. எட்டு வாரம் மாத்திரை, பிறகு டோஸைக் கூட்டி இன்னொரு எட்டு வாரம் என்று போனால் நான்கு மாதம் ஓடியிருக்கும்.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டதும் குரல் கொஞ்சம் தேறியது. இனி பயம் இல்லையே?

அந்தச் சீட்டில் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்து இருந்ததா என்று பாருங்கள். கட்டியைச் சுற்றி வீக்கமும் இருக்கும். ஸ்டீராய்டு அந்த வீக்கத்தை வடியச் செய்யும், குரல் தெளியும், நோயாளிக்கும் மருத்துவருக்கும் நிம்மதியாக இருக்கும். மாத்திரை நின்ற இரண்டாவது வாரம் பழைய கரகரப்பு திரும்பி வரும். அப்போது இன்னொரு முறை அதே மாத்திரை. இந்த வட்டத்தில் மூன்று முறை சுற்றிவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆன்டிபயாடிக்கைப் பொறுத்தவரை, சாதாரணக் குரல்வளை அழற்சி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு அது வேலையே செய்யாது. தானாகவே ஆறியதற்கு மருந்து பெயர் வாங்கிக்கொள்கிறது.

ஆவி பிடிப்பது, உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது?

செய்யுங்கள், இதமாக இருக்கும். ஆனால் கொப்பளிக்கும் தண்ணீர் குரல்நாணைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறிவிடும்.

சி.டி. ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ எடுத்துவிட்டால் தெரிந்துவிடாதா?

ரத்தத்தில் இதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை எதுவும் நடைமுறையில் இல்லை. ஸ்கேன் பெரிய கட்டியைக் காட்டும். ஆனால் நாணின் மேல்தோலில் படர்ந்திருக்கும் மெல்லிய ஆரம்பக் கட்டத் திட்டு அதில் தெரியாமலே போகலாம். நாம் பிடிக்க நினைப்பதே அந்தக் கட்டத்தைத்தான். ஸ்கேன் "நார்மல்" என்று வந்துவிட்டால் போலி நிம்மதியோடு இன்னும் மூன்று மாதம் போய்விடும். முதலில் கண்ணால் பார்ப்பது, தேவைப்பட்டால் பிறகு ஸ்கேன். இந்த வரிசை மாறக் கூடாது.

தொண்டைக்குள் குழாய் விடும் பரிசோதனை வலிக்குமா?

பலர் இதற்குப் பயந்தே தள்ளிப்போடுகிறார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவீர்கள். மூக்குத் துவாரத்தில் மரத்துப்போகும் மருந்தைத் தெளிப்பார்கள். அது மெல்லத் தொண்டைக்கு இறங்கும்போது கசக்கும், எச்சில் விழுங்குவது விநோதமாக இருக்கும். ஐந்து நிமிடம் கழித்து மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையும் குழாய் ஒன்றை மூக்கு வழியாக நுழைப்பார்கள். மூக்கின் பின்பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு அழுத்தம் தெரியும், கண்ணில் தண்ணீர் வரும். அப்புறம் அது நாக்குக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு கீழே பார்க்கும், நாண்களைத் தொடாது. "ஈஈ" என்று சொல்லச் சொல்வார்கள். மூச்சை இழுக்கச் சொல்வார்கள். இருமச் சொல்வார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மயக்க மருந்து வேண்டாம், தானாக நடந்து வீட்டுக்குப் போகலாம். தொண்டை மரத்திருக்கும் வரை, ஒரு மணி நேரம் போல, எதையும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம், புரையேறிவிடும்.

திரையில் தங்கள் குரல்நாணை முதல் முறை பார்ப்பவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். இளஞ்சிவப்புக் குகையின் அடியில், முத்து நிறத்தில் இரண்டு பட்டைகள் திறந்து மூடுவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். இந்தக் காட்சியை 1854-இல் உயிருள்ள மனிதரிடம் முதலில் தெளிவாகப் பார்த்து ஆராய்ந்தவர் மருத்துவர் அல்ல, மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர். பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பி, தன் குரல்வளையையே பார்த்தார். குரல் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் அவர் நோக்கம்.

மருத்துவர் அங்கே எதைத் தேடுகிறார்?

நிறம், விளிம்பு, அசைவு. வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, புண், பூக்கோசு போன்ற வளர்ச்சி ஏதாவது இருக்கிறதா? இரண்டு நாண்களும் சமமாகத் திறந்து மூடுகின்றனவா? ஸ்ட்ரோபோஸ்கோபி என்றொரு முறையில், விட்டு விட்டு மின்னும் ஒளியால் நாணின் அதிர்வை மெதுவான அலை போலக் காட்ட முடியும். மேல்தோல் அடியோடு ஒட்டி விறைத்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் அலை நின்றுவிடும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நாணிலும் இது உஷார்ப்படுத்தும். நீலம், பச்சை ஒளியை மட்டும் பாய்ச்சிப் பார்க்கும் கருவியும் உண்டு. புற்றுநோய் தனக்கென்று வளர்த்துக்கொள்ளும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அதில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

வெள்ளைத் திட்டு இருப்பதாகச் சொன்னார்கள். அது புற்றுநோயா?

வெள்ளைத் திட்டு என்பது பார்த்த தோற்றத்தின் பெயர், நோயின் பெயர் அல்ல. வெறும் தடித்த தோலாக இருக்கலாம், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமாக இருக்கலாம், ஆரம்பக் கட்டப் புற்றுநோயாகவும் இருக்கலாம். துணுக்கு எடுத்து (பயாப்ஸி) நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். முந்தைய மாற்றம் என்று வந்தால் அது லேசா, தீவிரமா என்று தரம் பிரிப்பார்கள். திட்டை நீக்கிய பிறகும் பல ஆண்டுகள் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புகைப்பதை நிறுத்தாமல் திட்டை மட்டும் நீக்கினால், அது திரும்ப வருவதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

பயாப்ஸி எடுத்தால் நோய் கிளறிவிட்டுப் பரவும் என்கிறார்களே?

பரவாது. இந்தப் பயத்தால் சிகிச்சையைத் தவறவிட்டவர்கள்தான் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். பொதுவாக முழு மயக்கத்தில், வாய் வழியாக ஒரு உலோகக் குழாயை வைத்து, நுண்ணோக்கியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே துணுக்கு எடுப்பார்கள். வெளியே தழும்பு இருக்காது. சில நாள் பேசாமல் இருக்கச் சொல்வார்கள், குடும்பத்துக்கும் அது ஒரு அனுபவம்.

பயாப்ஸியில் "புற்று இல்லை" என்று வந்தது. ஆனால் குரல் இன்னும் மோசமாகிறது.

அப்படியானால் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும், தேவையானால் மறுபடி துணுக்கு எடுக்க வேண்டும். எடுத்த துணுக்கில் இல்லை என்பதுதான் அந்த அறிக்கையின் பொருள். எடுக்காத இடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இதற்குச் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெட்ரிக்குக்கு 1887 ஜனவரியில் குரல் கம்மியது. இடது நாணில் சிறு வளர்ச்சி ஒன்றைப் பார்த்தார்கள், அதைத் தீய்த்தும் பார்த்தார்கள், போகவில்லை. ஜெர்மன் மருத்துவர்கள் புற்றுநோய் என்று சந்தேகப்பட்டு அறுவை சிகிச்சைக்குத் தயாரானார்கள். லண்டனிலிருந்து வந்த தொண்டை மருத்துவர் மோரல் மெக்கன்சி, முதலில் துணுக்கு எடுப்போம் என்றார். நோய்க்குறியியலின் தந்தை எனப்படும் ஃபிர்ஷோவே அதைப் பார்த்துவிட்டு, புற்று தெரியவில்லை என்றார். அறுவை சிகிச்சை நின்றது. நவம்பரில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் கட்டி வளர்ந்திருந்தது. 1888 பிப்ரவரியில் மூச்சுக்காகக் கழுத்தில் துளையிட்டார்கள். மார்ச்சில் பேரரசராகி, 99 நாள் மட்டும் ஆண்டு, ஜூன் 15-ஆம் தேதி இறந்தார். அந்தத் துணுக்குகள் ஏன் உண்மையைக் காட்டவில்லை என்று மருத்துவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு அதில் உறைப்பது வேறு. அறிக்கை ஒரு பக்கம் இருக்க, குரல் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது.

கட்டி எதுவும் இல்லை, ஆனால் ஒரு நாண் அசையவில்லை என்கிறார்கள்.

நாணை அசைக்கும் நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. இடது நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே வருகிறது. வழியில் நுரையீரல், உணவுக்குழாய், தைராய்டு ஆகியவற்றின் கட்டி எதுவும் அதை அழுத்தலாம். அதனால் மண்டையோட்டின் அடியிலிருந்து நெஞ்சு வரை ஸ்கேன் எடுப்பார்கள். தொண்டைக்கு வந்தவரிடம் நெஞ்சு ஸ்கேன் கேட்கிறார்களே என்று சந்தேகப்பட வேண்டாம். சில நேரம் காரணமே அகப்படாது, வைரஸ் தாக்கியதாகக் கருதிக் காத்திருப்பார்கள்.

ஆரம்பத்திலேயே பிடித்தால் உண்மையில் என்ன வித்தியாசம்?

நாணோடு நின்றுவிட்ட முதல் கட்டப் புற்றுநோயை லேசரால் வாய் வழியாகவே நீக்கிவிடலாம். அல்லது ஐந்தாறு வாரம் கதிர்வீச்சு கொடுக்கலாம். இரண்டில் ஒன்று போதும், கீமோ வேண்டாம். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு நோய் அந்த இடத்தில் மறுபடி தலைகாட்டுவதில்லை. குரல் முன்பு போலவே இருக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் சொந்தக் குரலில் பேசுவார்கள்.

நாண் அசையாமல் இறுகிவிட்டாலோ, குருத்தெலும்பைத் தாண்டிவிட்டாலோ கதை வேறு. முழுக் குரல்வளையை எடுக்கும் முதல் அறுவை சிகிச்சையைப் புற்றுநோய்க்காக வியன்னாவில் அறுவை மருத்துவர் பில்ரோத் 1873-இன் கடைசி நாளில் செய்தார். முற்றிய நோய்க்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதுதான் வழியாக இருந்தது. 1991-இல் 332 நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு, கீமோவையும் கதிர்வீச்சையும் கொண்டு தொடங்கினால் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் குரல்வளையைக் காப்பாற்ற முடியும், ஆயுளும் குறையாது என்று காட்டியது. இன்றும் சிலருக்குக் குரல்வளையை எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அவர்கள் கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுவார்கள். சிறு வால்வு பொருத்தியோ, கழுத்தில் வைக்கும் அதிர்வுக் கருவியாலோ பேசக் கற்றுக்கொள்வார்கள். நன்றாக வாழ்பவர்கள் நிறைய பேர். ஆனால் அவர்களில் பலரின் கதையும் மாதக்கணக்கில் நீண்ட ஒரு கம்மலில்தான் ஆரம்பித்திருக்கிறது.

நோய் வந்த பிறகு சிகரெட்டை விட்டு என்ன பயன்?

நிறைய. புகைத்துக்கொண்டே கதிர்வீச்சு எடுத்தால் பலன் குறைகிறது, புண் ஆறுவதும் தாமதமாகிறது. நுரையீரலிலோ தொண்டையிலேயே வேறு இடத்திலோ இரண்டாவது புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

அறிகுறி இல்லாதவர்கள் வருடத்துக்கு ஒரு முறை தொண்டையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

தேவையில்லை. அப்படி எல்லோரையும் பரிசோதிப்பதால் உயிர்கள் காப்பாற்றப்படுவதாக நிரூபணம் இல்லை. குரல் மாறும்போது கவனித்தால் போதும்.

வீட்டிலேயே கவனிக்க ஏதாவது வழி உண்டா?

கைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், அதே நேரம், அதே அறை, அதே இரண்டு வாக்கியம், கடைசியில் "ஆ" என்று ஒரே மூச்சில் முடிந்த வரை இழுப்பது. மூன்று பதிவுகளைத் தொடர்ந்து கேட்டால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். குரலைக் கேட்டு நோய் சொல்லும் செயலிகளைப் பற்றி ஆராய்ச்சிகள் நடக்கின்றன. இப்போதைக்கு அவை எதுவும் குழாய்ப் பரிசோதனைக்கு மாற்று இல்லை. மருத்துவரிடம் போகும்போது மாறிய தேதி, சாப்பிட்ட மாத்திரைச் சீட்டுகள், எத்தனை வருடம் எத்தனை சிகரெட் என்ற உண்மையான கணக்கு, இந்த மூன்றையும் கொண்டுபோங்கள்.

அப்பாவுக்குக் குரல் மாறிவிட்டது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று வர மறுக்கிறார். என்ன செய்வது?

குரல் மாறியது பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. மெல்ல மெல்ல மாறுவதைத் தன் காது பழகிக்கொள்ளும். இப்படி மறுத்துக்கொண்டிருந்த ஒருவரின் மகள், இரண்டு வருடத்துக்கு முந்தைய குடும்ப வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினார். அதில் அவர் யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார். "இது என் குரலா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாராம். குழாய் விட்டுப் பார்த்தோம். புகைப்பவர்களுக்கு வரும், நாண்களில் நீர் கோத்த வீக்கம். புற்றுநோய் இல்லை. வெளியே போகும்போது சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை மகளிடம் கொடுத்துவிட்டு, "அந்த வீடியோவ எனக்கும் அனுப்பு" என்றார்.